லூமிர் சாப்பிட உட்கார்ந்த இடம்

1996 மார்ச் 11

இன்று நாற்பத்தாறு கடிதங்கள் தட்டச்சு செய்து, கையெழுத்துப் போட்டு, உறை ஒட்டினேன். ஆயுதக் கிடங்கின் தெற்கு வேலிக்கு அப்பால் கிணறு வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒன்று. "அன்புள்ள குடியிருப்பாளருக்கு, உங்கள் கிணற்று நீரில் உலோகம் கழுவும் திரவத்தின் தடயம் காணப்பட்டுள்ளது. உடனடி ஆபத்து எதுவும் இல்லை. இருந்தாலும் அந்த நீரைக் குடிக்க வேண்டாம்."

கடைசி இரண்டு வாக்கியங்களும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கின்றனவே என்று ஸ்ட்ரேக்கிடம் கேட்டேன். எங்கள் துப்புரவுத் திட்டத்தின் மேலாளர் அவர். "அதுக்குத்தானே நடுவுல 'இருந்தாலும்' போட்டிருக்கேன், ஆர்டிஸ்" என்றார்.

முப்பத்தொன்றாவது உறையில் முகவரி எழுதும்போது கை நின்றுவிட்டது. வெஸெலி, பண்ணைச் சாலை 9. என் வீடு.

முப்பது வருடத்துக்கு முன்னால் கிடங்கில் அந்தத் திரவக் கழிவைப் புதைத்தது எங்கள் ராணுவத் துறை. இப்போது அதைத் தேடுவதும் எங்கள் துறை. தேடுவது ஒழுங்காக நடக்கிறதா என்று மேற்பார்வை செய்வது எங்கள் துறையின் இன்னோர் அறை. அந்த அறைக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மரத்தடுப்புதான். அங்கே யாராவது தும்மினால் இங்கிருந்து வாழ்த்துச் சொல்கிறோம்.

மார்ச் 14

கடிதம் வந்து சேர்ந்தது. என் கணவன் லூமிர்தான் தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். சமையலறை மேசையில் உட்கார்ந்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, நிதானமாகப் படித்தான்.

"யாரோ ஆர்டிஸ் வெஸெலின்னு ஒரு அம்மா எழுதியிருக்காங்க."

"அப்படியா? என்ன சொல்றாங்க?"

"ஆபத்து இல்லையாம். குடிக்கக் கூடாதாம். நல்லாத்தான் எழுதறாங்க, ஒண்ணும் வெளங்கல."

அவன் கையில் இருந்த கோப்பையில் அதே கிணற்றுக் காபிதான். இரண்டு பேரும் கோப்பையைப் பார்த்தோம். பிறகு நான் வாங்கிச் சிங்க்கில் ஊற்றினேன். வேறு தண்ணீர் இல்லாததால் கோப்பையையும் அதே தண்ணீரில்தான் கழுவினேன்.

மார்ச் 25

லூமிர் துறைக்குப் பதில் எழுதியிருக்கிறான். என்னிடம் கொடுக்கவில்லை, முத்திரை ஒட்டித் தபாலில் போட்டிருக்கிறான். ஸ்ட்ரேக் அதை என் மேசையில் வைத்து, "குடியிருப்பாளர் ஒருத்தர் கொஞ்சம் சூடா எழுதியிருக்கார், நீங்களே ஒரு பதில் தயார் பண்ணிடுங்க" என்றார். பெயரைப் பார்க்கவில்லை போலிருக்கிறது. அல்லது பார்த்திருக்கலாம்.

இரண்டு கேள்விகள். அனுமதித்த அளவைவிட ஏழு மடங்கு என்று சோதனைத் தாளில் இருந்தால் அதற்குப் பெயர் தடயமா? மாடுகளும் குடிக்கக் கூடாதா, மாடுகளுக்குத் தனிக் கடிதம் வருமா?

"உங்கள் கவலையை நாங்கள் நன்கு புரிந்துகொள்கிறோம்" என்று தொடங்கிப் பதில் எழுதினேன்.

ஏப்ரல் 2

சாப்பிடும்போது லூமிர்: "நல்லா புரிஞ்சுக்கிட்டீங்களா?"

நான்: "துறை புரிஞ்சுக்கிட்டது. எனக்குத்தான் இன்னும் புரியல."

சிரித்தான். எனக்கும் சிரிப்பு வந்தது. இப்படியே சிரித்துக்கொண்டு காலம் தள்ளிவிடலாம் என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.

ஏப்ரல் 17

வாரம் ஒரு முறை லாரியில் குடிதண்ணீர் வருகிறது. பெரிய பிளாஸ்டிக் குடங்கள், வீட்டுக்கு ஆறு. மாடுகளுக்குக் கிடையாது.

மே 19

கழிவுக் குழியைத் தேடி வடக்கு வயலில் துளை போடும் வரைபடத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். நாளைக்குள் அதைச் சுருக்கி ஊர்ப் பத்திரிகைக்கு ஒரு பத்தி எழுத வேண்டும். எங்கள் நிலவியலாளர் நோரீன் ஒகாடா கையால் புள்ளி வைத்தது. மொத்தம் பதினான்கு புள்ளி. ஒன்பது துளை முடிந்துவிட்டது. ஒன்பதிலும் நல்ல மண். நோரீன் நேற்று, "இவ்வளவு சுத்தமான மண்ணை நான் என் படிப்புல கூடப் பார்த்ததில்ல" என்றாள். அழுகிற குரலில் சொன்னாள்.

மேசையில் விரித்து வைத்திருந்தேன். லூமிர் உப்பு எடுக்க வந்தவன் குனிந்து பார்த்தான்.

"இன்னும் வடக்கேதான் குத்திக்கிட்டிருக்காங்களா?"

"பழைய பதிவேட்டுல 'வடக்கு வயல்'னுதான் இருக்கு."

"அதை எழுதினவன் நெப்ராஸ்கா பக்கமே வந்திருக்க மாட்டான்."

சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டான். உப்பு எடுக்காமலே போனான். கழுவி வைத்த தட்டை எடுத்து மறுபடி கழுவ ஆரம்பித்தான்.

"லூமிர். உனக்கு எப்படித் தெரியும்?"

"நான் அங்க மூணு வருஷம் லாரி ஓட்டினேன்னு உனக்குத் தெரியும்."

"வெடிமருந்துப் பெட்டி ஏத்தினேன்னுதானே சொன்னே."

"பெட்டியும் ஏத்தினேன்."

"வேற என்ன ஏத்தினே?"

"கையெழுத்துப் போட்டிருக்கேன், ஆர்டி. சொல்லக் கூடாது."

மே 19, மறுபடியும்

கையெழுத்தாம்! அறுபத்தெட்டுல போட்ட கையெழுத்து. எங்க கல்யாணமே எழுபத்தொண்ணுலதான். கிணறு வெட்டினது எழுபத்திமூணுல. அப்போ இருபத்திமூணு வருஷமா அந்தத் தண்ணியை நான் குடிக்கறேன், குளிக்கறேன், பிள்ளைக்குப் பால்மாவு கரைச்சுக் குடுத்திருக்கேன் — இவனுக்குத் தெரியும். பக்கத்துல படுத்துக்கிட்டு, தெரியும். நான் ஆறு வருஷமா அந்த ஆபீசுல உட்கார்ந்து "எங்கே இருக்கிறது என்று ஆராய்ந்துவருகிறோம்"னு தட்டச்சு பண்றேன், சாயங்காலம் வந்து இவனுக்கே சோறு போடறேன் —

பேனா அழுத்தித் தாள் கிழிந்துவிட்டது. போதும்.

மே 21

இரண்டு நாள் பேசவில்லை. இன்று காலை கொட்டகையில் அவனாகவே வந்து நின்றான்.

"ஒண்ணு மட்டும் சொல்றேன். இது அந்தக் காகிதத்துல வராதுன்னு நினைக்கறேன். தண்ணி ஓட்டம் வடக்கே, ஆத்துப் பக்கம்னு இன்ஜினியருங்க சொன்னாங்க. அதை நம்பித்தான் தெற்கே நிலம் வாங்கினேன். தெரிஞ்சே உனக்குக் குடிக்கக் குடுப்பேனா?"

நம்பினேன். நம்பியதும் கோபம் இன்னும் கூடிவிட்டது. திட்டுவதற்கு இருந்த ஒரே ஆளும் கையை விட்டுப் போய்விட்டான்.

மே 26

ஒமாஹாவிலிருந்து ஜோலீன் போன் செய்தாள். ஐந்தாம் மாதம். எங்கள் ஊர்ச் செய்தி அங்கே பத்திரிகையில் வந்திருக்கிறது. மருத்துவர் ரத்தம் எடுத்துப் பார்த்தாராம், ஒன்றும் இல்லையாம். கடவுளே, நன்றி.

"அம்மா, அப்பாவுக்கு இது தெரியுமா? அப்பா அங்கதானே வேலை பார்த்தார்?"

"தெரியாது" என்றேன். அவ்வளவு சீக்கிரம் என் வாயில் வந்தது. அலுவலகப் பழக்கம்.

ஜூன் 4

ஸ்ட்ரேக்கின் அறைக் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னேன். குழி இருக்கும் இடம் தெரிந்த ஒருவர் இருக்கிறார், அவர் என் கணவர்.

நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "அப்போ சொல்லச் சொல்லுங்க!"

"சொல்லக் கூடாதுன்னு கையெழுத்துப் போட்டிருக்கார்."

"யார்கிட்ட?"

"நம்மகிட்ட."

உட்கார்ந்தார்.

"நம்மகிட்ட சொல்றதுக்கு என்ன தடை?"

"கிடங்குத் தளபதி எழுத்துமூலமா அனுமதி தரணும்னு இருக்காம். காகிதத்தோட நகல் வெச்சிருக்கார்."

"தளபதி ஏது? கிடங்கை மூடியே ஏழு வருஷம் ஆச்சு."

"அப்போ நீங்க குடுங்க."

"நான் துப்புரவு. ரகசியம் வேற பிரிவு." பேனாவை எடுத்து என் பக்கம் நீட்டினார். "மேலே எழுதிக் கேப்போம். நீங்களே எழுதிடுங்க. உங்களுக்கு நல்லா வரும்."

எழுதினேன். எங்களிடம் சொல்வதற்கு எங்கள் அனுமதி கேட்டு, எங்களுக்கே.

ஜூன் 6

நோரீனிடம், வடக்கே இல்லை என்பது வரைக்கும் எனக்குத் தெரியும் என்றேன். அது எனக்கும் தெரியும், ஒன்பது துளை போட்டுத் தெரிந்துகொண்டேன் என்றாள். ஆனால் ஒப்புதலான திட்டத்தில் பதினான்கும் வடக்கே. மாற்ற வேண்டுமானால் காரணத்தைக் காகிதத்தில் காட்ட வேண்டும். "ஒரு பெண்ணோட புருஷன் உப்பு எடுக்காமப் போனார்னு எழுதவா?"

ஜூலை 15

தலைமை அலுவலகத்திலிருந்து பதில். "குறிப்பிட்ட நபர் வெளியிட விரும்பும் தகவல் என்ன என்பதை முதலில் தெரிவிக்கவும். அதன் பிறகே அதை வெளியிட அனுமதிக்கலாமா என்று பரிசீலிக்க இயலும்."

லூமிருக்குப் படித்துக் காட்டினேன். உருளைக்கிழங்குத் தோலை வாளியில் தள்ளினான். பிறகு, "தப்பில்ல. அவங்க நிலைமையில அப்படித்தான் கேக்க முடியும்" என்றான்.

கையில் இருந்த உருளைக்கிழங்கை அவன் மேல் எறிந்தேன். படவில்லை.

ஆகஸ்ட் 9

தகவலின் தன்மையை விவரிக்க ஒரு படிவம் வந்திருக்கிறது, மூடிய உறையில். மேலே சிவப்பு முத்திரை: அனுமதி பெற்றவர் மட்டும் திறக்கலாம். லூமிருக்கு அந்த அனுமதி இல்லை. எனக்கும் இல்லை. ஸ்ட்ரேக்குக்கும் இல்லை. அவர் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், பிறகு வெட்கப்பட்டு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

பன்னிரண்டாவது துளை. நல்ல மண்.

ஆகஸ்ட் 11

சண்டை.

"அந்தக் காகிதத்தை இப்படி மதிக்கிறியே, அவங்க உன்னை மதிச்சாங்களா? கிணத்துல விஷம் கலந்தவங்களுக்கு நீ விசுவாசமா?"

"காகிதம் அவங்களுது. கையெழுத்து என்னுது."

"அப்போ நான் யாருது?"

தொப்பியை எடுத்துக்கொண்டு மாடுகளைப் பார்க்கப் போனான். அவற்றுக்கு இப்போது நாங்களே ஊரிலிருந்து டேங்கரில் தண்ணீர் கொண்டுவருகிறோம். முதுகுவலியோடு தினமும் இரண்டு நடை போகிறான். அதைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விடுகிறது. மீதியை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் 3

மக்களுக்குத் திறந்த நாள் நடத்தப்போகிறோமாம். பேருந்தில் ஏற்றிக் கிடங்கைச் சுற்றிக் காட்டுவது. "மறைக்க எங்களிடம் எதுவும் இல்லை" என்று அழைப்பிதழில் போடச் சொன்னார்கள். கண்டுபிடிக்கவும் எங்களிடம் எதுவும் இல்லை. அதைப் போடச் சொல்லவில்லை. அட்டையில் ஒரு கொக்குப் படம்.

வீட்டுக்கு ஒரு அழைப்பு அனுப்பினேன்.

செப்டம்பர் 21

இதை ஒழுங்காக எழுத வேண்டும்.

முப்பது பேர் வந்தார்கள். லூமிர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கையில் மதிய உணவுப் பெட்டியோடு வந்தான். "எதுக்கு இது? நாங்க டோநட் குடுக்கறோமே" என்றேன். "எனக்கு நேரத்துக்குச் சாப்பிடணும்" என்றான். இருபத்தைந்து வருடத்தில் நேரத்துக்குச் சாப்பிட்டதே இல்லை.

பேருந்தில் ஸ்ட்ரேக் ஒலிபெருக்கியைப் பிடித்துக்கொண்டு பேசிவந்தார். வடக்கு வயலில் நிறுத்தித் துளைகளைக் காட்டினார். பிறகு தெற்கே, உலோகம் கழுவும் பழைய கூடத்துக்கும் ரயில் தண்டவாளத்துக்கும் நடுவே நிறுத்தி, "இங்கே இயற்கையான புல்வெளி எப்படி மீண்டு வந்திருக்கிறது பாருங்கள்" என்றார். எல்லோரும் ஜன்னல் வழியாகப் புல்லைப் பார்த்தார்கள்.

லூமிர் எழுந்து கீழே இறங்கினான்.

"சார், பேருந்திலேயே இருங்க" என்றார் ஸ்ட்ரேக்.

"பசிக்குது."

நேராக நடந்தான். இடையில் ஒரு முறை நின்று கழுவும் கூடத்தின் மூலையைத் திரும்பிப் பார்த்தான், இரண்டு அடி இடப்பக்கம் நகர்ந்தான், புல்லில் உட்கார்ந்தான். பெட்டியைத் திறந்து, சாண்ட்விச்சை எடுத்து, நிதானமாகத் தின்றான். முப்பது பேர் பார்த்துக்கொண்டிருந்தோம். ஸ்ட்ரேக் ஒலிபெருக்கியிலேயே, "சார், தயவுசெய்து" என்றார்.

சாண்ட்விச் முடிந்ததும் எழுந்தான். தண்டவாளத்தை ஒட்டியே நாற்பது தப்படி நடந்தான். மறுபடி உட்கார்ந்து ஊறுகாய் வெள்ளரியைக் கடித்தான். எழுந்து, சரியாக வலப்பக்கம் திரும்பி, பதினைந்து தப்படி. ஆப்பிள். மறுபடி வலப்பக்கம், நாற்பது தப்படி. ஃபிளாஸ்கைத் திறந்து காபி குடித்தான்.

பக்கத்தில் நின்ற நோரீன் என் கையைப் பிடித்து அழுத்தினாள். "நாலு மூலை" என்றாள் மெல்ல. பிறகு சத்தமாக, "அடடா, அந்தப் பெரியவர் குப்பையைப் போட்டுட்டு வந்துட்டாரே, நான் எடுத்துட்டு வரேன்" என்று ஓடினாள். ஆப்பிள் சக்கை கிடந்த இடத்தில், ஊறுகாய்க் காம்பு கிடந்த இடத்தில், ரொட்டித் துணுக்கு கிடந்த இடத்தில், காபி கொட்டியிருந்த இடத்தில், ஒவ்வொன்றிலும் குனிந்து ஒரு சின்ன மஞ்சள் கொடியைக் குத்திவிட்டு வந்தாள்.

லூமிர் பேருந்தில் ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தான். காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டான்.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றான்.

"ஒரு வார்த்தை சொல்லல" என்றேன்.

அக்டோபர் 8

துளை போடும் இயந்திரத்தைத் தெற்கே கொண்டுபோக ஒப்புதல் இன்னும் வரவில்லை. ஆனால் பழுதுபார்க்க எங்கே வேண்டுமானாலும் நிறுத்தலாம் என்று விதியில் இருக்கிறதாம். நோரீன் ஐந்து முறை படித்துக் கண்டுபிடித்திருக்கிறாள். பழுதுபார்த்த பின் ஓட்டிச் சரிபார்க்கவும் வேண்டும் அல்லவா.

அக்டோபர் 10

ஒன்பது அடியில் இரும்பு.

அக்டோபர் 24

இதுவரை நூற்றுப் பன்னிரண்டு பீப்பாய். பாதிக்கு மேல் துருப்பிடித்துத் திறந்து கிடக்கின்றன. நோரீன் முகமூடியைக் கழற்றிவிட்டு வந்து என் மேசையில் உட்கார்ந்து ஒரு குவளை தண்ணீர் குடித்தாள். தண்ணீர் ஓட்டம் தெற்கேதான், எப்போதும் தெற்கேதான் இருந்திருக்கிறது என்றாள். அந்த இன்ஜினியர்கள் ஆற்றைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள், நிலத்தடியைப் பார்க்கவில்லை.

லூமிரிடம் சொன்னேன். "சரி" என்றான். இரவு உணவைத் தொடவில்லை.

நவம்பர் 12

அறிக்கை. 'இடம் தேர்வு செய்யப்பட்ட அடிப்படை' என்ற தலைப்பின் கீழ் நோரீன் எழுதியது: "உள்ளூர்வாசி ஒருவர் மதிய உணவு உண்டதைக் கவனித்ததன் பேரில்." ஸ்ட்ரேக் அடித்துவிட்டு எழுதியது: "முறையான கள அவதானிப்பின் பேரில்." மேற்பார்வை அறை சேர்த்தது: "பல ஆண்டுத் திட்டமிட்ட" என்ற மூன்று சொற்கள்.

நான் அந்த மூன்று சொல்லையும் சேர்த்துத் தட்டச்சு செய்தேன்.

நவம்பர் 28, நன்றி நாள்

ஜோலீன் குழந்தையோடு வந்திருந்தாள். ஏழு வாரம், பெண், பெயர் தெயா. வான்கோழியை வெட்டி முடித்த பிறகு லூமிர் கத்தியைக் கீழே வைத்தான்.

"அம்மா உன்கிட்ட எனக்குத் தெரியாதுன்னு சொன்னாங்க. எனக்குத் தெரியும். குழி தெரியும். தண்ணி இந்தப் பக்கம் வரும்னு மட்டும் தெரியாது."

இதைச் சொல்லச் சொல்லி நான் கேட்கவில்லை. எனக்காகத்தான் சொன்னான் என்று நினைக்கிறேன். என் பொய்யைத் தன் தலையில் போட்டுக்கொண்டான்.

ஜோலீன் பைகளைக் கட்டினாள். ஞாயிறு வரை இருப்பதாக இருந்தவள் இன்று மாலையே கிளம்பினாள். காரில் ஏறும் முன் குழந்தையை என் கையில் கொடுத்தாள், கொஞ்சினேன், திரும்ப வாங்கிக்கொண்டாள். அவன் கையில் கொடுக்கவில்லை. அவன் கார்க் கண்ணாடியிலிருந்து பனியைத் துடைத்துவிட்டு ஒதுங்கி நின்றான்.

1997 ஜனவரி 22

அனுமதி வந்துவிட்டது!

"திரு. லூமிர் வெஸெலி, மேற்படி இடத்தின் அமைவிடத்தைத் துறையிடம் மட்டும், முப்பது நாட்களுக்குள், தெரிவிக்க இதனால் அனுமதிக்கப்படுகிறார். வேறு எவரிடமும் தெரிவிக்கக் கூடாது." குழியின் படம் ஊர்ப் பத்திரிகையின் முதல் பக்கத்தில் வந்து மூன்று மாதம் ஆகிறது. மளிகைக் கடையில் அந்தப் பத்திரிகையில்தான் முட்டை சுற்றித் தருகிறார்கள்.

சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் தண்ணீர். லூமிர் சிரிக்கவில்லை. கடிதத்தை இரண்டு முறை படித்து, மடித்து, சட்டைப் பையில் வைத்தான்.

ஜனவரி 24

கோட்டும் டையும் போட்டுக்கொண்டு அலுவலகத்துக்கு வந்தான். ஸ்ட்ரேக்கின் எதிரே உட்கார்ந்து இரண்டு மணி நேரம் சொன்னான். எந்த மாதம், எத்தனை நடை, யார் யார். நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். கேலியாக ஏதாவது சொல்வார் என்று பயந்தேன். ஸ்ட்ரேக் ஒரு தடவைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. முடிவில் எழுந்து கைகொடுத்தார். "இதை முன்னாடியே கேட்டிருக்கணும், சார்" என்றார். முதல் முறையாக எனக்கு அவரைப் பிடித்தது.

லூமிரோடு லாரியில் போனவன் டுவேன் ரூட்டர். இரண்டு பேர் மட்டும், மூன்று வருடம். கையுறை இல்லாமல். டுவேன் எண்பத்திமூன்றாம் வருடம் ஈரல் கெட்டுச் செத்தான். குடிதான் காரணம் என்று ஊரில் பேசிக்கொண்டோம். நானும் பேசியிருக்கிறேன். அவன் குடித்து லூமிர் பார்த்ததே இல்லையாம்.

பிப்ரவரி 8

"லவோனைப் பார்க்கப் போறேன்" என்றான். டுவேனின் மனைவி. "அவளுக்குச் சொல்லணும். பதினாலு வருஷமா ஊரே அவ புருஷனைக் குடிகாரன்னு சொல்லுது."

"அனுமதியில 'வேறு எவரிடமும்' கூடாதுன்னு இருக்கே" என்றேன். வேண்டுமென்றேதான் சொன்னேன்.

"தெரியும்." தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அனுமதி இல்லாமத்தான் போறேன். நீ வரியா?"

இருபத்தைந்து வருடத்தில் என்னை எங்கும் இப்படிக் கூப்பிட்டதில்லை.

பிப்ரவரி 9

போனோம். லவோன் கொலாச்சே பன் சுட்டு வைத்திருந்தாள், நடுவில் கசகசா வைத்தது. லூமிர் அதைத் தொடாமல், காலைச் சேர்த்து வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் ஒப்பிக்கிற மாதிரி எல்லாவற்றையும் சொன்னான். லாரி, பீப்பாய், கை எரிச்சல், வாசனை. "நான் சொல்லியிருக்கணும், லவோன். கையெழுத்துப் போட்டிருந்தோம். டுவேனும் போட்டிருந்தான்."

லவோன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"அட மக்கு லூமிரே! டுவேன் முதல் நாளே என்கிட்ட எல்லாம் சொல்லிட்டான். நாத்தத்தோட வீட்டுக்குள்ள வந்தான், என்னன்னு சொல்லாம உள்ள விடமாட்டேன்னு வாசல்லயே நிறுத்தினேன். நின்னபடியே சொன்னான்."

"கையெழுத்து..."

"எல்லாரும்தான் போட்டாங்க. கழுவற கூடத்துல வேலை பார்த்தவன், ரயில்ல வேலை பார்த்தவன், எல்லாம். எல்லாரும் வீட்டுக்கு வந்து பொண்டாட்டிகிட்ட சொன்னாங்க. சர்ச்சுல துணி தைக்க உட்கார்ந்தா நாங்க இதைத்தான் பேசுவோம். நீ ஒருத்தன்தான்யா அதை மதிச்சிருக்கே!"

லூமிர் தொப்பியைத் தரையில் வைத்தான்.

"அப்போ ஏன் யாரும் எங்க ஆபீசுல சொல்லல?" என்று கேட்டேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

"புதைச்சதே அவங்க. அவங்களுக்குத் தெரியாமலா இருக்கும்னு நினைச்சோம். தேடற மாதிரி நடிக்கிறாங்கன்னு இருந்துட்டோம்." தட்டை என் பக்கம் தள்ளினாள். "அதுவும் இல்லாம, நீ அங்கதானே இருக்கே, ஆர்டிஸ். லூமிரோட பொண்டாட்டி. உனக்குத் தெரியாமலா இருக்கும்னு. நீ தைக்க வந்தா நாங்க பேச்சை மாத்திடுவோம், உனக்குச் சங்கடமா இருக்குமேன்னு."

ஆறு வருடம். "ஆராய்ந்துவருகிறோம்" என்று நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய ஒவ்வொரு கடிதத்தையும் இந்தப் பெண்கள் படித்து, எனக்காகச் சங்கடப்பட்டிருக்கிறார்கள்.

எழுந்து கோட்டு மாட்டினோம். வாசலில் லவோன் கேட்டாள்: "ஆமா, இப்போ நீங்க தோண்டினது பெரிய குழியா, சின்ன குழியா?"

லூமிர் திரும்பினான். "ஒரு குழிதான்."

"உனக்குத் தெரிஞ்சது ஒண்ணு."

பிப்ரவரி 10

சின்னது எங்கள் அலுவலகத்தின் கீழே இருக்கிறதாம்.

பிப்ரவரி 11

ஸ்ட்ரேக்கிடம் சொன்னேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார், பிறகு காலை நாற்காலியின் குறுக்குக் கட்டையில் தூக்கி வைத்துக்கொண்டார். தொண்ணூறில் இந்தக் கட்டடத்தை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள் என்று கோப்பைத் தேடினோம். "தரை ஏற்கனவே சமமாக்கப்பட்டிருந்ததால்" என்று இருக்கிறது.

மார்ச் 6

நோரீன் தரையைப் பெயர்த்து ஒரு துளை போட்டாள், என் மேசை இருந்த இடத்தில். ஆறு அடியில் இரும்பு.

உள்ளூர்ப் பள்ளிக்கூடத்தின் உடற்பயிற்சிக் கூடத்துக்கு அலுவலகம் மாறிவிட்டது. கூடைப்பந்து வளையத்தின் கீழே தட்டச்சு செய்கிறேன்.

மார்ச் 30

ஜோலீன் போனில் அப்பாவைக் கேட்டாள். பனி உருகிவிட்டதா என்பது பற்றிப் பதினோரு நிமிஷம் பேசினார்கள்.

ஏப்ரல் 14

தலைமை அலுவலகம் கேட்டிருக்கிறது: இத்தகவலை அறிந்த வேறு நபர்கள் உண்டா, இருந்தால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுமதி கோரவும். ஸ்ட்ரேக் அதைப் படித்தார். மடித்தார். "இது தபால்ல தொலைஞ்சிருக்கும்னு நினைக்கறேன், ஆர்டிஸ்" என்றார். நானும் அப்படித்தான் நினைக்கிறேன் என்றேன்.

மதியம் பதினொரு பெண்கள் வந்தார்கள், முன்னால் லவோன். எல்லோர் கையிலும் ஏதாவது தின்பண்டம். கூடத்தின் நடுவே கிடங்கின் பெரிய வரைபடத்தை விரித்து, நாலு பக்கமும் நாற்காலி போட்டோம். "அங்க இல்லடி, தண்ணித் தொட்டிக்குப் பின்னால. என் வீட்டுக்காரர் மூக்கைப் பொத்திக்கிட்டே சொல்வார்." "உன் வீட்டுக்காரர் எதைத்தான் மூக்கைப் பொத்தாம சொன்னார்?" நோரீன் முழங்காலில் உட்கார்ந்து அவர்கள் விரல் போன இடமெல்லாம் பென்சிலால் குறித்தாள். ஸ்ட்ரேக் சட்டைக் கையை மடித்துக்கொண்டு எல்லோருக்கும் காபி ஊற்றினார்.

லூமிர் ஓரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தான். பாதி அவனுக்கும் புதிது. நான் தட்டச்சு இயந்திரத்தை மூடிவிட்டு, நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, பெண்களுக்கு நடுவே காலியாக இருந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். யாரும் பேச்சை மாற்றவில்லை.